இலையோரத்து ஊறுகாய்
ஸ்காட்லாந்துப் பத்திரிகைகளின் மொழிப்பற்றை முன்வைத்துச் சில கேள்விகள்

1

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டம். தாய்மொழியும் இதழியலும் என்று தலைப்பு. மேடையேறிய தமிழ்த்தேசியத் தோழர் ஒருவர் ஸ்காட்லாந்தைத் தூக்கிப் பிடித்தார். 'அங்க பத்திரிகைக்காரன் தன் மண்ணோட மொழியில தலைப்புப் போடுறான். இங்கிலீஷ்காரன் மூஞ்சிக்கு நேரா நின்னு, நாங்க வேற தேசம்னு சொல்றான். நம்ம ஊர்ப் பத்திரிகைக்காரனுக்கு அந்த ரோஷம் இருக்கா?' என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அன்றைக்கு ராத்திரி வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஒரு கேள்வி குடைந்தது. அந்தப் பத்திரிகையில் மண்ணின் மொழி எந்தப் பக்கத்தில் இருக்கிறது? தலையங்கத்திலா, தமாஷ் துணுக்கிலா? அதை எழுதுகிறவன் யார்? அந்த மொழியைத் தவிர வேறு மொழி வாயில் வராத மனுசனும் மனுசியும் அதே பத்திரிகையில் எந்த இடத்தில் வருகிறார்கள்? அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்து முடித்ததும் அன்றைக்குத் தட்டிய கைதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு ஸ்காட்லாந்து ஏதோ தூரதேசம் அல்ல. என் அப்பாயி கொழுந்து பறித்த மலையில் ஸ்காட்லாந்து ஊர்களின் பெயர்கள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

2

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் பழைய மொழிகள் இரண்டு. மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் வேர்பிடித்த கேலிக் ஒன்று; அது ஐரிஷ் மொழியின் உடன்பிறப்பு. மற்றது ஸ்காட்ஸ். தாழ்நிலங்களிலும் வடகிழக்குக் கரையிலும் வடக்குத் தீவுகளிலும் பேசப்படுவது. ஆங்கிலம் முளைத்த அதே பழைய வேரிலிருந்து கிளைத்தது. அதனாலேயே 'அது தனிமொழி இல்லை, கெட்டுப்போன ஆங்கிலம்' என்று ஏசப்பட்டு வந்தது. இங்கே நாம் பேசப்போவது ஸ்காட்ஸைப் பற்றி.

கெட்டுப்போன ஆங்கிலமா? ஒருகாலத்தில் அது ராஜசபை மொழி. சட்டமும் சரித்திரமும் கவிதையும் அதில் எழுதப்பட்டன. 1560இல் சமயச் சீர்திருத்தம் வந்தபோது கோயிலுக்குள் நுழைந்தது ஆங்கில வேதாகமம். 1603இல் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் ராஜாவாகி லண்டனுக்குக் குடிபோனார். சபையும் கூடவே போனது. 1707இல் நாடாளுமன்றமும் போனது. கடவுள், ராஜா, சட்டம் மூன்றும் ஆங்கிலம் பேச ஆரம்பித்த பிறகு குடியானவன் வாயிலும் மீனவப் பெண் வாயிலும் நெசவாளி வாயிலும் மிஞ்சியது 'கொச்சை' ஆனது. பதினெட்டாம் நூற்றாண்டு எடின்பரோவின் படித்த கனவான்கள் எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்காட்ஸ் சொற்களுக்குப் பட்டியல் போட்டார்கள். பெரிய தத்துவஞானி டேவிட் ஹியூமே அப்படி ஒரு பட்டியல் வைத்திருந்தார். 1761இல் ஷெரிடன் என்கிற ஐரிஷ் நடிகர் வந்து ஆங்கிலம் எப்படிப் பேசுவது என்று வகுப்பெடுத்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

அப்புறம் பள்ளிக்கூடம். 1872ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது. வகுப்பு அவர்கள் நாக்கை வெளியே நிறுத்தியது. வீட்டுப் பேச்சு வாய்தவறி வந்த பிள்ளைக்குக் கையில் தோல்வார் அடி. 1946இல் கல்வி ஆலோசனைக் குழு ஒன்று, ஸ்காட்ஸ் எங்கேயும் படித்தவர்களின் மொழி அல்ல என்று அறிக்கையே எழுதியது. 1993இல் ஒரு நீதிமன்றத்தில் ஓர் இளைஞன், 'எஸ்' என்று சொல்வதற்குப் பதில் தன் வாய்க்கு வந்தபடி 'ஐ' என்று சொன்னதற்காக நீதிமன்ற அவமதிப்பு என்று உள்ளே வைக்கப்பட்டான். ஆம் என்று சொன்னதுதான் குற்றம். ஆமாம் என்று சொல்வதற்குக்கூட அனுமதிக்கப்பட்ட சொல் வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக 'உனக்கு ஸ்காட்ஸ் தெரியுமா' என்று அரசாங்கம் கேட்டது. 15 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பேசுவோம் என்றார்கள். 2022 கணக்கெடுப்பிலும் பேசுகிறவர்கள் ஏறத்தாழ அதே 15 லட்சம். பேசவோ படிக்கவோ எழுதவோ கேட்டுப் புரிந்துகொள்ளவோ ஏதோ ஒன்று தெரியும் என்றவர்கள் 24 லட்சத்துக்கு மேல். நாட்டின் மொத்த ஜனமே 54 லட்சம்தான். அடியும் அவமானமும் பட்டு நூறு வருசம் தாண்டியும் பாதி நாடு அந்த மொழியைக் கைவிடவில்லை. அந்த மக்களுக்கு என் வணக்கம். என் சண்டை அவர்களோடு இல்லை.

3

சண்டை பத்திரிகையோடு. ஸ்காட்லாந்தில் அச்சாகும் ஒரு வெகுஜனப் பத்திரிகையை விரித்துப் பாருங்கள். மழை பெய்தால் வானிலைத் தலைப்பில் 'டிரீக்' வரும். மூடிக்கிடக்கிற நசநசப்பு வானத்துக்கு அவர்கள் சொல். சின்னது எதுவும் 'வீ'. குழந்தை 'பேர்ன்'. நல்லதெல்லாம் 'பிரா'. பந்தாட்டப் பக்கத்தில் வரும். கேலிச்சித்திரத்தில் வரும். ஜனவரி 25 ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாளுக்குப் பக்கம் முழுக்க வரும். இறந்துபோன பாட்டிகளைப் பற்றிய நினைவுக் கட்டுரையில் கண்ணீரோடு வரும். யாராவது ஏழை தொழிலாளி வாய்திறந்தால் மேற்கோள்குறிக்குள் வரும்.

எங்கே வராது? தலையங்கத்தில் வராது. பட்ஜெட் செய்தியில் வராது. வெளிநாட்டுச் செய்தியில், பங்குச்சந்தையில், தீர்ப்பு விவரத்தில் வராது. ஃபியோனா டக்ளஸ் என்கிற ஆய்வாளர் ஸ்காட்லாந்துப் பத்திரிகைகளின் மொழியையும் அடையாளத்தையும் பற்றி 2009இல் ஒரு நூலே வெளியிட்டார். பத்திரிகைகள் தம் ஸ்காட்லாந்துத்தன்மையைக் காட்டிக்கொள்ள எடுத்தாளும் ஸ்காட்ஸ், பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த கொஞ்சம் சொற்கள், தேய்ந்த மரபுத்தொடர்கள், அதுவும் இறுக்கமில்லாத பகுதிகளில் என்று அவர் காட்டுகிறார். விருந்து முழுக்க ஆங்கிலம்; இலையோரத்தில் ஊறுகாயாக ஸ்காட்ஸ். ஊறுகாய் இல்லாவிட்டால் விருந்து ருசிக்காதுதான். ஆனால் ஊறுகாயைத் தின்று யார் வயிறும் நிறையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'அவுட்வித்' என்று ஒரு சொல். 'புறத்தே, அப்பாற்பட்டு' என்று பொருள். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை அலுவலகக் கடிதத்திலும் தலையங்கத்திலும் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். அது ஸ்காட்ஸ் சொல் என்று எழுதுகிறவருக்கே பலசமயம் தெரியாது. மொழியறிஞர் ஏ. ஜே. எய்ட்கன் இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டினார்: தெரியாமலே ஒட்டிக்கொண்டு வருகிற ஸ்காட்ஸ், நானும் ஸ்காட்லாந்துக்காரன் என்று காட்டிக்கொள்ள வேண்டுமென்றே எடுத்து அணிகிற ஸ்காட்ஸ். முதலாவது உடம்பு, இரண்டாவது உடுப்பு. பத்திரிகை விற்பது உடுப்பை. மாலையில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மறுநாள் தலையங்கம் எழுதப் போய்விடலாம்.

அச்சிலேயே அந்தத் தாழ்வைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஸ்காட்ஸ் சொல்லை எழுதும்போது, ஆங்கிலச் சொல்லில் இருந்து எந்த எழுத்து 'விழுந்துவிட்டது' என்று காட்ட மேலே ஒரு காற்புள்ளி போடுவது நெடுநாள் வழக்கம். அந்த எழுத்து ஸ்காட்ஸில் அதற்கு முன்பே கிடையாது. இல்லாத எழுத்துக்காக மன்னிப்புக் கேட்கிற புள்ளி அது. 1947இல் ஸ்காட்ஸ் கவிஞர்கள் கூடி எழுத்து முறைக்கு விதி வகுத்தபோது இந்த மன்னிப்புப் புள்ளியைத் தூக்கி எறிந்தார்கள். பத்திரிகைகளோ அதன்பிறகும் நெடுங்காலம் விடாமல் போட்டுக்கொண்டிருந்தன. மண்டியிட்டபடியே மண்ணின் மொழி பேசுவது இப்படித்தான்.

4

சரி, இந்த உடுப்பை விற்கிற கடை யாருடையது?

டண்டி நகரத்து டி.சி. தாம்சன் நிறுவனத்தின் சண்டே போஸ்ட் பத்திரிகையில் 1936 மார்ச்சில் இரண்டு படக்கதைகள் தொடங்கின: 'ஊர் வுல்லி', 'தி ப்ரூன்ஸ்'. தலைகீழாய்க் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்த ஒரு வாண்டுப் பையன். அடுக்குக் குடியிருப்பில் நெருக்கியடித்து வாழும் ஒரு பெரிய குடும்பம். பேசுவதெல்லாம் ஸ்காட்ஸ். தலைமுறை தலைமுறையாக ஸ்காட்லாந்து தன்னையே பார்த்துக்கொண்ட கண்ணாடி என்று புகழ்கிறார்கள். அந்த நிறுவனமோ 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தொழிற்சங்கத்தை வாசற்படி மிதிக்க விடாமல் நின்ற நிறுவனம். படக்கதையில் தொழிலாளிக் குடும்பம் வேண்டும், பேச்சு வேண்டும், வறுமைகூட வேண்டும், சிரிப்பதற்கு. சங்கம் மட்டும் வேண்டாம்.

அடுத்தது ரூபர்ட் மர்டாக்கின் சன். 1992 ஜனவரியில் அதன் ஸ்காட்லாந்துப் பதிப்பு திடீரென்று சுதந்திர ஸ்காட்லாந்தே வேண்டும் என்று கொடி பிடித்தது. அங்கே தொழிற்கட்சிப் பத்திரிகையான டெய்லி ரெக்கார்டின் விற்பனையை உடைக்க வேண்டியிருந்தது. 2007 தேர்தல் நாளன்று அதே பத்திரிகை, ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது தூக்குக் கயிற்றில் தலையை விடுவது என்று முகப்பில் சுருக்கு வரைந்தது. 2011இல் மறுபடி அந்தக் கட்சிக்கே ஆதரவு. 2015இல் நடந்ததுதான் உச்சம். லண்டனில் அச்சான சன் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓட்டுப் போடு, ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியை ஓரங்கட்டு என்றது. அதே நாள் ஸ்காட்லாந்தில் அச்சான சன், அக்கட்சித் தலைவர் நிக்கோலா ஸ்டர்ஜனை விண்வெளிப் படத்துக் கதாநாயகியாக முகப்பில் வரைந்து அவருக்கே ஓட்டுக் கேட்டது. ஒரே முதலாளி, ஒரே நாள், ரெண்டு தேசம்! எந்த ஊர்ச் சந்தையில் எந்த உடுப்பு ஓடும் என்கிற கணக்கு. இதற்குப் பெயரா மொழிப்பற்று? யோவ், ஜவுளிக்கடைக்காரன்கூட இதைவிட நாணயமாக வியாபாரம் பண்ணுவான்.

2014 செப்டம்பர் 18 வாக்கெடுப்பைப் பாருங்கள். சுதந்திரம் வேண்டும் என்றவர்கள் 45 சதம், வேண்டாம் என்றவர்கள் 55 சதம். ஜனங்களில் பாதிக்குக் கிட்டே வேண்டும் என்று சொன்ன ஒரு விஷயத்தை வெளிப்படையாக ஆதரித்த பத்திரிகை சண்டே ஹெரால்ட் ஒன்றுதான். வருசம் முழுக்க 'வீ', 'பிரா' என்று தேச உணர்வை விற்ற மற்றவை எங்கே போயின? தேச உணர்வு வேறு, தேசம் வேறு. முன்னது சரக்கு, பின்னது அரசியல். அந்தப் பத்திரிகைகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருந்தது.

வாக்கெடுப்பு முடிந்து இரண்டே மாதத்தில், 2014 நவம்பர் 24இல், சுதந்திர ஆதரவு நாளேடாக 'தி நேஷனல்' வந்தது. அதில் ஸ்காட்ஸிலேயே பத்தி எழுதினார்கள், அரசியலையும் எழுதினார்கள். மற்றப் பத்திரிகைகளுக்கு இது எவ்வளவோ மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது நியூஸ்க்வெஸ்ட் வெளியீடு. நியூஸ்க்வெஸ்ட் அப்போது அமெரிக்க கனெட் குழுமத்தின் கையில் இருந்தது. பத்தி ஸ்காட்ஸ், பத்திரிகை ஆங்கிலம், லாபம் அமெரிக்கா.

5

'மொழி என்றால் பத்திரிகையில் அப்படித்தான் வரும், பொருளாதாரத்தை எல்லாம் அதில் எழுத முடியுமா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. முடியும். எழுதினார்கள். 1855இல் பத்திரிகை மீதான முத்திரை வரி ஒழிந்தது. விலை குறைந்தது. ஸ்காட்லாந்து முழுக்க வாரப் பத்திரிகைகள் முளைத்தன. வாங்கிப் படித்தவர்கள் உழவர்கள், நெசவாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள். 1858இல் டண்டியில் தொடங்கிய பீப்பிள்ஸ் ஜர்னலில், ஆசிரியர் டபிள்யூ. டி. லாட்டோ, 'டாமஸ் பாட்கின்' என்கிற தையல்காரர் பெயரில் ஸ்காட்ஸில் பத்தி எழுதினார். வீட்டுச் சங்கதி மட்டுமில்லை, நாட்டு நடப்பும் உலக நடப்பும் அந்தத் தையல்காரர் வாயில் புகுந்து வந்தன. அபர்தீனில் வில்லியம் அலெக்ஸாண்டர் என்று ஒருவர். ஏர் ஓட்டியவர். விபத்தில் காலை இழந்த பிறகு பத்திரிகைக்காரர் ஆனார். 1869-70இல் அபர்தீன் ஃப்ரீ பிரஸ்ஸில் அவர் தொடராக எழுதிய நாவல், நிலத்துக்கும் குத்தகைக்கும் கோயில் அதிகாரத்துக்கும் எதிராகக் குடியானவர்கள் நின்றதை வடகிழக்கு ஸ்காட்ஸிலேயே பேசியது. இந்தப் பழைய பத்திரிகை உலகத்தைத் தோண்டி எடுத்து 1986இல் நூலாக்கியவர் வில்லியம் டொனால்ட்ஸன். ஸ்காட்ஸ் உரைநடை செத்துப்போயிற்று என்று பேராசிரியர்கள் புலம்பிய காலத்தில்தான் அது பத்திரிகைகளில் வாராவாரம் ஓடியிருக்கிறது. பேராசிரியர்கள் அந்தப் பத்திரிகைகளைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைப் படிக்கையில் நமக்கு வேறொரு ஞாபகம் வராமல் இருக்காது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அயோத்திதாசர் பேச்சுத்தமிழில் எழுதவில்லை. பண்டிதத் தமிழில்தான் எழுதினார். ஆனால் சுதேசியம், மதம், வரலாறு, வைத்தியம் என்று எல்லாப் பக்கத்தையும் அவரே எழுதினார். விஷயம் இதுதான்: நம் சொல் அச்சில் வருகிறதா என்பது பாதிக் கேள்வி. எந்தப் பக்கத்தில், யார் கையால் வருகிறது என்பதுதான் மீதி. டாமஸ் பாட்கின் உலகத்தைப் பற்றிப் பேசினான். ஊர் வுல்லி வாளிமேல் உட்கார்ந்திருக்கிறான்.

6

இனி உள்ளே போவோம். எல்லா ஸ்காட்ஸும் ஒன்றல்ல. 'நல்ல ஸ்காட்ஸ்' உண்டு. வயலும் ஆடும் மூடுபனியும் பர்ன்ஸும் சேர்ந்தது. 'கெட்ட ஸ்காட்ஸ்' உண்டு. கிளாஸ்கோ நகரத்து ஆலைத் தொழிலாளிகளும் அரசாங்கக் குடியிருப்பு ஜனங்களும் பேசுவது. எய்ட்கன் இதை மூடநம்பிக்கை என்றே எழுதினார். முந்தையது பாரம்பரியம், பிந்தையது சேரிப் பேச்சு. இந்தப் பாகுபாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எம்.ஏ. தமிழ் வகுப்பில் 'வட்டார வழக்கு' என்று மதிப்பெண் கிடைத்த பேச்சும், அதே வகுப்பில் நான் வாய்திறந்தபோது 'கொச்சை' என்று திருத்தப்பட்ட பேச்சும் எது எது என்று எனக்குத் தெரியும்.

டாம் லெனர்ட் என்கிற கிளாஸ்கோ கவிஞர், ஆறுமணிச் செய்தியைத் தொழிலாளி உச்சரிப்பில் வாசித்தால் ஏன் ஒருவரும் உண்மை என்று நம்பமாட்டார்கள் என்பதையே கவிதையாக்கினார். உண்மைக்கு ஓர் உச்சரிப்பு இருக்கிறது. அது உன்னுடையது அல்ல. ஜேம்ஸ் கெல்மன் 1994இல் புக்கர் பரிசு வாங்கினார். கண்பார்வை போன ஒரு கிளாஸ்கோ தொழிலாளியின் மனசுக்குள் ஓடுகிற பேச்சிலேயே எழுதிய நாவல். நடுவர்களில் ஒருவரே வெளிப்படையாகக் கண்டித்தார். லண்டன் டைம்ஸில் சைமன் ஜென்கின்ஸ் அதை இலக்கிய நாசவேலை என்றார். தன் பண்பாட்டுக்கும் மொழிக்கும் இருக்க உரிமை உண்டு என்று கெல்மன் மேடையில் பதில் சொன்னார். அந்த நாவலில் கெட்ட வார்த்தைகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தன பத்திரிகைகள். பர்ன்ஸ் இறந்து 200 வருசம் ஆகிவிட்டதால் மரியாதை. கெல்மன் உயிரோடு இருந்ததால் வசவு. செத்த விவசாயி தேசியச் சின்னம், உயிரோடிருக்கிற தொழிலாளி தேசிய அவமானம்.

7

இதற்குக் கீழேயும் ஒரு படி இருக்கிறது. அங்கேதான் நமக்கு வேலை.

ஸ்காட்லாந்தில் தலைமுறை தலைமுறையாக ஊர் ஊராய்ப் போய்த் தகர வேலை, குதிரை வியாபாரம், முத்துக் குளிப்பு, பண்ணைக் கூலி என்று வாழ்ந்த நாடோடி மக்கள் உண்டு. டிராவலர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஸ்காட்ஸ் நாட்டுப்பாடலும் கதையும் அவர்கள் வாயில்தான் பத்திரமாக இருந்தன. 1953இல் அபர்தீனில் ஜீனி ராபர்ட்ஸன் என்கிற டிராவலர் பெண்ணின் பாட்டை ஹேமிஷ் ஹென்டர்சன் கேட்டுப் பதிவு செய்தபோது, படித்த ஸ்காட்லாந்து அசந்துபோனது. தேசத்தின் பொக்கிஷம் என்றார்கள்.

அதே காலத்தில் அந்தப் பொக்கிஷத்தைச் சுமந்தவர்களுக்கு என்ன நடந்தது? 1940களிலிருந்து பல பத்தாண்டுகள், அவர்களை 'ஒரே இடத்தில் குடியமர்த்தி நாகரிகப்படுத்துகிறோம்' என்று மனுசர் குடியிருக்க லாயக்கில்லாத குடிசைகளில் அடைத்தார்கள். மறுத்தால் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்வோம் என்கிற மிரட்டல். 'டிங்கர் பரிசோதனை' என்று அதற்குப் பேர். மனுசங்க மேல பரிசோதனை! 2025 ஜூனில்தான் முதலமைச்சர் ஜான் ஸ்வின்னி நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார்.

'டிங்கர்' என்றால் தகர வேலைக்காரன். சுருக்கி 'டிங்க்' என்பார்கள். அது ஸ்காட்ஸ் சொல். அழுக்கானவன், ஒழுங்குகெட்டவன், கேடுகெட்டவள் என்று யாரை வையவும் அந்தச் சொல் பயன்படும். டிராவலர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லால் அடிபட்டே வளர்ந்தார்கள். ஆங்கிலேயன் கொண்டுவந்து திணித்த சொல் அல்ல அது. பிடுங்கப்பட்டதாக, அடிக்கப்பட்டதாக நாம் இவ்வளவு நேரம் பரிதாபப்பட்ட அதே தாய்மொழியின் சொந்தச் சொல்.

இதை நம்மவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். தாய்மொழி எல்லாருக்கும் தாய் அல்ல. நம் சாதிப் பெயரையே வசவாக வைத்திருக்கிறது தமிழ். தாலாட்டும் அதில்தான், 'ஏலே' என்று நம் தாத்தனைப் பொடியன் கூப்பிட்டதும் அதில்தான். அடிமைப்பட்ட மொழிக்கு உள்ளேயும் ஆண்டை உண்டு, சேரி உண்டு. 'நம் மொழி, நம் தேசம்' என்று பத்திரிகை எழுதும்போது அந்த 'நம்' என்பதற்குள் ஜீனி ராபர்ட்ஸனின் பாட்டு இருக்கிறது. அவள் சனத்துக்குக் கூடாரம் அடிக்க இடம் இல்லை. டிராவலர்கள் ஊரோரம் வண்டிகளை நிறுத்தினால் பத்திரிகைக்கு அது 'பிரச்சினை'. அந்தச் செய்தி மட்டும் சுத்தமான ஆங்கிலத்தில் வரும்.

8

இப்போது அப்பாயி கதை. அவள் பிறந்தது இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் ஒரு லயத்தில். சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிள்ளைகுட்டியோடு கப்பலேற்றப்பட்டு வந்து கூடலூரில் மறுபடியும் தேயிலைக்கே கூலியானாள். சாகும்வரை அவள் வாயில் சில பெயர்கள் இருந்தன: டன்சினன், ஹோலிரூட், வேவர்லி, கிளாஸ்கோ, எடின்பரோ. சுத்துப்பட்டுத் தோட்டங்களின் பெயர்கள். சின்ன வயசில் அவையெல்லாம் தமிழ்ப்பெயர் என்றே நினைத்திருந்தேன். மேடையில் தோழர் ஸ்காட்லாந்து என்று சொன்னபோது எனக்குள் கேட்டது அப்பாயி குரல்தான்.

1867இல் இலங்கையில் வியாபார அளவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக்காரர். அந்தத் தோட்டங்களில் துரைமார்களில் ஏராளம் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். கூலிகளில் பெரும்பாலோர் நம் சனம். பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பிக் கடல் தாண்டியவர்கள். தோட்ட முதலாளிகளின் குரலாகக் கொழும்பில் நடந்த சிலோன் அப்சர்வர் பத்திரிகையை நடத்தியவர்கள் ஃபெர்குசன் குடும்பத்தார். அவர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புதிதாக வருகிற சின்னத்துரைகள் கூலிகளோடு பேசுவதற்கு அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு தமிழ்க் கையேடு வந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'இங்கே வா'.

தன் நாக்கில் லண்டன்காரன் சவாரி செய்ததைச் சரித்திரமாக எழுதிவைத்த ஒரு தேசம், இன்னொருவன் நாக்கிலிருந்து எடுத்துக்கொண்ட முதல் வார்த்தை ஏவல். வா. போ. எடு. நில். என் பாட்டனுக்குப் பாட்டன் பேசிய தமிழில் துரைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். 'நாங்களும் இங்கிலாந்தால் அடக்கப்பட்டவர்கள்' என்று எழுதுகிற ஸ்காட்லாந்துப் பத்திரிகைகளுக்கு நான் சொல்வது: உண்மை, அடக்கப்பட்டீர்கள். அடக்கவும் செய்தீர்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். அதை ஸ்காட்ஸிலேயே எழுதுங்கள். பெரட்டுக்களத்தில் விடியற்காலை நின்ற பெண்களின் கதையை 'டிரீக்' என்கிற சொல்லைக்கொண்டு எழுத முடியும். மலையகத்திலும் அதே நசநச மழைதான் பெய்தது.

9

ஆக, பத்திரிகைகள் ஸ்காட்ஸ் எழுதக்கூடாது என்கிறேனா? இல்லை. இன்னும் அதிகமாக எழுதட்டும். 2025 ஜூனில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மொழிச் சட்டம் நிறைவேற்றியது. அந்த ஆண்டு நவம்பர் 30 முதல் கேலிக்குக்கும் ஸ்காட்ஸுக்கும் அதிகாரபூர்வத் தகுதி கிடைத்திருக்கிறது. அடிபட்ட பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இதற்காகச் சந்தோஷப்படட்டும். சட்டம் வந்த பிறகாவது பட்ஜெட்டை அதில் எழுதுங்கள், தீர்ப்பை எழுதுங்கள். கிளாஸ்கோ குடியிருப்புப் பெண்ணும் டிராவலர் பையனும் நிருபராக, ஆசிரியராக உட்காரட்டும். அதுவரை தலைப்பில் இருக்கிற 'வீ' எனக்கு அலங்காரம்தான்.

மேடையில் பேசிய தோழருக்கும் இதுவே பதில். தமிழ்ப் பத்திரிகை நம் பேச்சை எங்கே அச்சடிக்கிறது? குற்றச்செய்தியில், சினிமா நகைச்சுவையில், 'கதறி அழுத தாய்' என்கிற பெட்டிச்செய்தியில். ஸ்காட்லாந்தைப் போல ஆகவேண்டும் என்கிறீர்களே, அந்த வகையில் நாம் ஏற்கெனவே ஸ்காட்லாந்துதான்.

கடைசியாக, இதைச் சொல்லாமல் முடித்தால் நான் யோக்கியன் இல்லை. இரண்டு வருசத்துக்கு முன் கூடலூர்த் தோட்டத் தொழிலாளி ஒருவரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்து ஒரு தலித் இதழுக்குக் கொடுத்தேன். அவர் பேசியதை அப்படியே பேச்சுமொழியில் போட்டோம். அதற்கு முன்னுரை நான் எழுதினேன், இதோ இந்தத் தமிழில். அவர் வலியைச் சொன்னார். அதற்கு அர்த்தத்தை நான் சொன்னேன். அச்சில் வந்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, 'நாங் சொன்னது சரியாத்தான் இருக்கு. முன்னாடி நீ என்னமோ சொல்லியிருக்கியே, அது என்னைப் பத்தியா?' என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தலித் இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். வாக்குமூலம் பேச்சில், கோட்பாடு எழுத்தில். அனுபவம் அவர்களுக்கு, ஆய்வு எங்களுக்கு. நம் வீட்டு இலையிலும் ஓரத்தில் ஊறுகாய் இருக்கிறது. ஆசிரியர் குழுவுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த இதழின் தலையங்கத்தை, எம்.ஏ. படிக்காத ஒருவர், தான் பேசுகிற மொழியில், கூலி உயர்வைப் பற்றியோ தேர்தலைப் பற்றியோ எழுதட்டும். அதற்கு யாரும் முன்னுரை எழுத வேண்டாம். நானும் எழுதமாட்டேன்.